ஐம்பது வயதுச் சிறுவர்களின் ஊர்!

டோக்கியோவிலிருந்து ஒசாகாவை நோக்கிப் பாயும் புல்லட் ரயில்களில் ‘நோசோமி’தான் அதிவேகம். ஆனால், அது ஷிசுவோகாவில் நிற்காது. இந்த ஊரில் இறங்க வேண்டுமென்றால், சற்று நிதானமான ‘ஹிகாரி’யிலோ ‘கொடாமா’விலோ ஏற வேண்டும். ஹிகாரியிலும் எல்லா வண்டிகளும் நிற்பதில்லை, பார்த்துத்தான் ஏற வேண்டும். சரியான வண்டி கிடைத்தால் ஒரு மணி நேரப் பயணம். வலதுபக்க ஜன்னல் ஓரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். மேகம் இல்லாத நாளில் ஃபியூஜி மலை முழுசாகத் தெரியும். படம் எடுத்துவிட்டு, செல்போனைப் பைக்குள் வைத்து நிமிர்ந்தால் ஊர் வந்துவிடும்.

ஷிசுவோகா என்றால் ஜப்பானியர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பச்சைத் தேயிலை. ஆனால், இங்கே இறங்கும் வெளிநாட்டுப் பயணிகளில் ஒரு தனி ரகம் உண்டு. பெரும்பாலும் ஆண்கள். வயது ஐம்பதைத் தொட்டிருக்கும், அல்லது தாண்டியிருக்கும். இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஜெர்மனி என்று எங்கிருந்தோ வந்திருப்பார்கள். இவர்கள் தேடி வருவது தேயிலையை அல்ல. சிவப்பு, நீலச் சதுரங்களுக்குள் இரண்டு வெள்ளை நட்சத்திரங்கள் போட்ட ஒரு கம்பெனியை. அதன் பெயர் டமியா. 1980-களில் இவர்கள் பத்து வயதுப் பையன்களாக இருந்தபோது, பிறந்த நாளுக்கோ கிறிஸ்துமஸுக்கோ அப்பா வாங்கித் தந்த (அல்லது, எவ்வளவு அழுதும் வாங்கித் தராத) ரேடியோ கண்ட்ரோல் கார் இந்த ஊரிலிருந்துதான் புறப்பட்டது.

நம் ஊர் திருவிழாக் கடைகளில் கிடைக்கிற ரிமோட் கார் என்று நினைத்துவிட வேண்டாம். அது டப்பாவைத் திறந்து, பேட்டரி போட்டு, பட்டனை அழுத்தினால் ஓடும். இதில் டப்பாவைத் திறந்தால் கார் இருக்காது. சின்னச் சின்னத் திருகுகள், கியர்கள், ஸ்பிரிங்குகள், ஒரு மோட்டார், ரப்பர் டயர்கள், படம் போட்டு விளக்கும் ஒரு கையேடு. அவ்வளவுதான். காரைப் பையனே கட்ட வேண்டும். கட்டி முடிக்க ஒரு வாரம் ஆனாலும் ஆகும். அந்த ஒரு வாரம்தான், நாற்பது வருடம் கழித்து ஒருவரை விமானம் ஏற வைக்கிறது.

சிவகாசிக்குப் பட்டாசு போல ஷிசுவோகாவுக்கு மாடல் பொம்மைகள். நகரத்தில் ஆங்காங்கே தபால் பெட்டி, டெலிபோன் பூத் எல்லாம், மாடல் கிட் டப்பாவுக்குள் சட்டத்தோடு ஒட்டி வரும் பிளாஸ்டிக் பாகங்களைப் போலவே நின்றுகொண்டிருக்கும். திருகி எடுத்து ஒட்ட வேண்டியதுதான் பாக்கி என்பது போல! தெரியாதவர்கள் ஏதோ நவீன சிற்பம் என்று கடந்து போவார்கள். தெரிந்தவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

இந்தத் தொழில் இங்கே வேர்விட்டதற்குக் காரணம் பிளாஸ்டிக் அல்ல, மரம். ஊரின் பழைய பெயர் சும்பு. ஜப்பானை ஒரு குடைக்கீழ் கொண்டுவந்த டொகுகாவா இயெயசு, பதவியிலிருந்து விலகிய பிறகு வந்து தங்கிய கோட்டை இங்கேதான் இருந்தது. கோட்டை வேலைக்கும், செங்கென் கோயில் திருப்பணிக்கும் பல ஊர்களிலிருந்து தச்சர்களும் அரக்கு வேலைக்காரர்களும் வந்தார்கள். வேலை முடிந்ததும் பலர் ஊர் திரும்பவில்லை. மேஜை நாற்காலி, அரக்குப் பெட்டி, பொம்மை என்று அவர்களுடைய கைத்தொழில் இங்கேயே தங்கிவிட்டது. 20-ம் நூற்றாண்டில் அதே கைகள் மரத்தில் மாடல் விமானம் செய்யத் தொடங்கின. அவோஷிமா, ஹசெகவா, ஃபுஜிமி என்று மாடல் பொம்மை உலகில் பெயர் பெற்ற கம்பெனிகள் எல்லாம் இந்த வட்டாரத்துக்காரர்கள்தாம். ‘குண்டம்’ ரோபோ பொம்மைகளை பண்டாய் நிறுவனம் தயாரிக்கும் தொழிற்சாலையும் இங்கே இருக்கிறது.

டமியாவும் மரக்கடையாக ஆரம்பித்ததுதான். 1946-ல் யோஷியோ டமியா தொடங்கிய மர வியாபாரம் அது. பக்கத்தொழிலாக மர மாடல்களும் செய்துகொண்டிருந்தார்கள். 1951-ல் ஒரு தீ விபத்து. மரக்கடையில் தீப்பிடித்தால் என்ன மிஞ்சும்? அதன் பிறகு பக்கத்தொழிலே முழுநேரத் தொழிலானது. அமெரிக்காவிலிருந்து பிளாஸ்டிக் மாடல்கள் வந்து இறங்கியதும் மரத்துக்கும் கேட்பாரில்லாமல் போனது. 1960-ல் டமியா தன் முதல் பிளாஸ்டிக் மாடலைக் கொண்டுவந்தது. ‘யமாட்டோ’ போர்க்கப்பல். நஷ்டம்!

அடுத்து வந்த பேந்தர் டாங்க்தான் கம்பெனியைக் காப்பாற்றியது. மோட்டார் வைத்து ஓடும் டாங்க் அது. இன்று உலகம் முழுக்க ராணுவ மாடல்களுக்கு 35-ல் ஒரு பங்கு என்பது ஒரு நிலையான அளவு. அந்த அளவு எப்படி வந்தது தெரியுமா? ஏதோ பெரிய கணக்கு என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். பேட்டரியும் மோட்டாரும் டாங்குக்குள் அடங்க வேண்டும். அடங்கிய பிறகு அளந்து பார்த்தார்கள். ஏறத்தாழ 35-ல் ஒரு பங்கு வந்தது!

அந்த டாங்கின் பின்னால் நின்றவர் யோஷியோவின் மகன் ஷுன்சாகு டமியா. பின்னாளில் நிறுவனத்தின் தலைவரான இவருக்கு, எதையும் நேரில் பார்த்து அளக்காமல் செய்யப் பிடிக்காது. 1970-களில் போர்ஷே பந்தயக் காரை மாடலாகச் செய்ய முடிவானபோது, நிஜமான போர்ஷே 911 ஒன்றையே விலைக்கு வாங்கினார்கள். வாங்கிய காரை ஓட்டவில்லை, கழற்றினார்கள்! பாகம் பாகமாக அளந்தார்கள். அப்படிப் பிறந்த போர்ஷே 934 மாடலுக்குள் ரேடியோ கருவிகளைப் பொருத்தி, 1976 இறுதியில் டமியாவின் முதல் ரேடியோ கண்ட்ரோல் கார் கடைக்கு வந்தது.

ஆனால், உலகத்துப் பையன்களைப் பைத்தியமாக அடித்தது அந்த போர்ஷே அல்ல. அது வழவழப்பான தார்த் தரையில் ஓடக்கூடியது. எல்லா வீட்டு வாசலிலும் அப்படித் தரை இருக்குமா? 1979-ல் ‘ரஃப் ரைடர்’, ‘சேண்ட் ஸ்கார்ச்சர்’ என்று இரண்டு கார்கள் வந்தன. மேலே உடல் மட்டும்தான் வேறு, அடியில் இரண்டும் ஒன்று. மணலிலும் சேற்றிலும் ஓடும். ரேடியோ கருவிகளைத் தண்ணீர் படாமல் ஒரு பெட்டிக்குள் மூடிவைத்திருந்தார்கள். நிஜ ஃபோக்ஸ்வாகன் பக்கியின் உலோகக் கைகளை அப்படியே சின்னதாக வார்த்திருந்தார்கள். அடுத்தடுத்து 1983-ல் ‘ஃப்ராக்’, 1984-ல் ‘கிராஸ்ஹாப்பர்’, ‘ஹார்னெட்’. தவளை, வெட்டுக்கிளி, குளவி! வெட்டுக்கிளிக்குப் பெயர் பொருத்தம் வெகு பிரமாதம். பின்பக்க கியர் பெட்டியே மொத்தமாக மேலும் கீழும் ஆடும் அமைப்பு என்பதால், ஒரு சின்னக் கல்லில் ஏறினாலும் துள்ளும். விலை மற்றவற்றைவிடக் குறைவு. அதனால்தான் பல நடுத்தர வீடுகளுக்குள் அது நுழைந்தது.

அந்தக் கார்கள் அன்று பட்ட பாடு கொஞ்சமல்ல. சுவரில் மோதின, குட்டையில் விழுந்தன, மாடிப்படியில் உருண்டன. இரவெல்லாம் பேட்டரி சார்ஜ் ஏற்றினால் ஓடுவது பத்து நிமிடம்கூட இருக்காது. பையன்கள் வளர்ந்தார்கள், வீடியோ கேம் வந்தது, கல்லூரி வந்தது. கார்கள் பரணுக்குப் போயின. இப்போது பரணைச் சுத்தம் செய்கிற வயதில், அந்தப் பழைய டப்பா கையில் அகப்படுகிறது.

அங்கிருந்துதான் சீர்திருத்தும் வேலை தொடங்குகிறது. இதற்கு ஷிசுவோகா வர வேண்டியதில்லை, சாப்பாட்டு மேஜையே போதும். ஆனால், முதல் அடியிலேயே ஷிசுவோகா குறுக்கிடும். இந்தக் கார்களின் திருகுகள், பார்க்கச் சாதாரண நட்சத்திரத் திருகுகள் போலவே இருக்கும். கையில் கிடைத்த ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருகினால் வழுக்கி வழுக்கித் தலை மழுங்கிவிடும். காரணம், அவை ஜப்பானியத் தர அளவில் செய்யப்பட்டவை. அதற்கென்று உள்ள ஜப்பானிய ஸ்க்ரூடிரைவர் வைத்தால் கச்சிதமாக உட்காரும். ஒரே ஒரு ஸ்க்ரூடிரைவர் தெரியாமல் எத்தனையோ பேர் எத்தனையோ திருகுகளை நாசமாக்கியிருக்கிறார்கள்.

திரும்பப் பூட்டும்போது இன்னொரு சூட்சுமம். இந்தத் திருகுகள் நேராக பிளாஸ்டிக்கைக் கடித்துக்கொண்டு இறங்குபவை. முதல் தடவை இறங்கும்போதே தனக்கென ஒரு மரையை வெட்டிக்கொள்ளும். நாற்பது வருடம் கழித்து அவசரமாகத் திருகினால் பக்கத்திலேயே புது மரை வெட்டும், இரண்டு மூன்று தடவையில் துளை தொளதொளத்துவிடும். அதனால், முதலில் இடப்பக்கமாக, அதாவது கழற்றுகிற திசையில், மெதுவாகச் சுற்ற வேண்டும். ஓரிடத்தில் ‘டிக்’ என்று திருகு கொஞ்சம் கீழே இறங்கும். அதுதான் பழைய மரை. அங்கிருந்து வலப்பக்கம் திருப்ப வேண்டும். அனுபவசாலிகள் இதைக் கண்ணால் பார்ப்பதில்லை, விரலால் கேட்கிறார்கள்.

வெள்ளைச் சக்கரங்கள் பழைய பல் போல மஞ்சளாகியிருக்கும். அவற்றை ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்தால் வெளுக்கும். எத்தனை மணி நேரம் என்பதில்தான் கைப்பக்குவம், அதிகமானால் திட்டுத் திட்டாகிவிடும். நைலான் பாகங்கள் காய்ந்து மொடமொடவென்று ஆகியிருந்தால் வெந்நீரில் ஊறப்போடுகிறார்கள். நைலான் தண்ணீரை உறிஞ்சக்கூடியது, ஈரம் ஏறினால் மறுபடி வளைந்து கொடுக்கும். அப்பளம் நமுத்துப்போனால் நமக்குக் கோபம் வரும், இவர்களுக்கு அதுதான் சந்தோஷம்! பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி கசிந்திருந்தால் மட்டும் விளையாட்டு வேண்டாம். காட்மியம் விஷம். வெறுங்கையால் தொடாமல், குப்பையில் போடாமல், பழைய பேட்டரி வாங்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும்.

வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்தான் இந்தக் கார்களில் பார்க்க வேண்டிய அதிசயம். இப்போது அந்த வேலையைத் தீப்பெட்டி அளவு மின்னணுச் சில்லு செய்துவிடுகிறது. அன்று ஒரு சின்ன மோட்டார் கை, செம்புத் தகடுகளின் மேல் நகரும். ஒரு தகட்டில் நின்றால் மெதுவோட்டம், அடுத்ததில் நடுத்தரம், கடைசியில் முழு வேகம். மெதுவாக ஓட்டும்போது மிச்ச மின்சாரமெல்லாம் ஒரு மின்தடையில் சூடாக வெளியேறும். அதைத் தொட்டுப் பார்த்து விரலைச் சுட்டுக்கொள்ளாத பையன் இல்லை. சீர்திருத்துபவர்கள் அந்தத் தகடுகளை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குகிறார்கள். ஓட்டும்போது புதிய கருவியை மாட்டிக்கொண்டு, பழையதைப் பத்திரமாக டப்பாவில் வைப்பவர்களும் உண்டு. அது ஏமாற்று வேலை என்று சொல்பவர்களும் உண்டு. இந்தச் சண்டை ஓயாது.

இதைவிடப் பெரிய சண்டையை மூட்டிவிட்டது கம்பெனியேதான். 2004, 2005-ல் ஹார்னெட்டையும் கிராஸ்ஹாப்பரையும் ஃப்ராக்கையும் டமியா மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2009-ல் ரஃப் ரைடர், ‘பக்கி சேம்ப்’ என்ற புதுப் பெயரில் திரும்பி வந்தது. 2010-ல் சேண்ட் ஸ்கார்ச்சர். சில மாற்றங்கள் இருந்தன. ஸ்டிக்கர்களில் பழைய விளம்பரப் பெயர்கள் சில காணாமல் போயின. இன்றைய டப்பாக்கள் பலவற்றில் ‘பிலிப்பைன்ஸ் தயாரிப்பு’ என்று இருக்கும். ஆனால், பாகங்களில் பெரும்பாலானவை பழைய காரில் அப்படியே பொருந்தின.

பிரிக்காத பழைய டப்பாவைப் பொக்கிஷமாக வைத்திருந்த சேகரிப்பாளர்களுக்கு வயிற்றெரிச்சல். ‘புதுசே கடையில் கிடைக்கும்போது எங்கள் பழசை யார் வாங்குவார்கள்?’ ஓட்டுகிறவர்களுக்கோ கொண்டாட்டம். ஒரு முன் கை உடைந்தால், முன்பெல்லாம் மாதக்கணக்கில் தேடி, கிடைத்த விலைக்கு வாங்க வேண்டும். இப்போது புதிய பாகம் வீட்டுக்கே வருகிறது. இந்த வழக்கில் நியாயம் ஓட்டுகிறவர்கள் பக்கம்தான். கண்ணாடி அலமாரிக்குள் வைத்துக் கும்பிடுவதற்காக யாரும் அந்தக் காருக்கு அவ்வளவு பெரிய பம்பரை வைக்கவில்லை!

ஆனாலும் அலமாரிக்காரர்களின் பயத்தில் அர்த்தம் இல்லாமலில்லை. அப்பா கையால் ஒட்டிய ஸ்டிக்கர், பதினொரு வயதில் நடுங்கும் விரலால் வண்ணம் பூசிய டிரைவர் பொம்மையின் ஹெல்மெட் இவையெல்லாம் எந்த மறுவெளியீட்டிலும் வராது. உடைந்தால் உடைந்ததுதான். இறந்துபோன அப்பாவின் கையெழுத்து மாதிரி. அதனால், பலர் ஓட்டும்போது புது உடலை மாட்டிக்கொண்டு, பழைய உடலை வீட்டில் விட்டுவருகிறார்கள். சிலர் துணிந்து அதையே மாட்டி ஓட்டுகிறார்கள். எது சரி என்று மூன்றாம் மனிதர் தீர்ப்புச் சொல்ல முடியாது.

பழைய கார்களுக்கென்றே பல நாடுகளில் பந்தயங்கள் நடக்கின்றன. ஜப்பான்காரர்கள் மட்டுமல்ல, கலிஃபோர்னியாவில் பிறந்த அசோசியேட்டட் கம்பெனியின் ‘ஆர்சி10’ போன்ற வண்டிகளும் அவற்றில் ஓடும். தங்க நிற அலுமினிய உடம்போடு 1984-ல் வந்து, அடுத்த ஆண்டே மண் தடத்தில் நடந்த முதல் உலகப் போட்டியில், இரு சக்கர இயக்கப் பிரிவில் பட்டம் வென்ற கார் அது. உண்மையைச் சொன்னால், சுத்தமான பந்தயம் என்று வந்துவிட்டால் ஹார்னெட் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் ஹார்னெட், ஹார்னெட்டோடு மோதும்போது இருக்கிற வேடிக்கை தனி. எல்லோருக்கும் ஒரே மாதிரி மோட்டார், ஒரே மாதிரி டயர். காசு செலவழித்து ஜெயிக்க முடியாது.

முன்பெல்லாம் பந்தயத்துக்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. ஒவ்வொரு ரிமோட்டும் ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் இயங்கும். இருவருக்கும் ஒரே அலைவரிசை என்றால், ஒருவர் திருப்ப இன்னொருவர் கார் திரும்பும்! அதனால் ஆன்டெனாவின் நுனியில் அலைவரிசைக்கு ஏற்ப வண்ண ரிப்பன் கட்டுவார்கள். ‘சிவப்பு யாராவது ஆன் செய்திருக்கிறீர்களா?’ என்று கத்திக் கேட்டுவிட்டுத்தான் பட்டனைத் தட்டுவார்கள். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்களில் அந்தக் குழப்பமே இல்லை. ஆனாலும் ரிப்பன் கட்டிக்கொள்ளும் சிலர் இருக்கிறார்கள், அழகுக்காக!

மாறாத வழக்கம் ஒன்று உண்டு. தன் பந்தயம் முடிந்ததும் யாரும் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விட முடியாது. அடுத்த பந்தயத்துக்குத் தடத்துக்குள் இறங்கி நிற்க வேண்டும். கவிழ்ந்த காரை ஓடிப்போய் நிமிர்த்திவிட வேண்டும். ஜெயித்தவருக்கும் இதே கதிதான், கடைசியில் வந்தவருக்கும் இதே கதிதான். உயரமான மேடையில் வரிசையாக நின்று மற்றவர்கள் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. கார் தன்னைவிட்டு விலகிப் போகும்போது இடது இடதுதான். வளைவில் திரும்பித் தன்னை நோக்கி வரும்போது எல்லாம் தலைகீழ். சின்ன வயதில் பழகிய விரல்கள் இதை மறப்பதில்லை, முதல் வளைவுக்குள் நினைவு வந்துவிடும். முழங்கால்தான் ஒத்துழைக்காது. கவிழ்ந்த காரை நிமிர்த்தக் குனிகிற பெரியவர்களைவிட, கூட வந்த பிள்ளைகள்தான் சுறுசுறுப்பு.

ஷிசுவோகாவுக்குப் போக நினைப்பவர்களுக்கு மே மாதம் நல்ல நேரம். ட்வின் மெஸ்ஸே அரங்கில் ஊரின் மாடல் கம்பெனிகள் எல்லாம் கூடி நடத்தும் ஹாபி ஷோ அப்போதுதான். வாரக் கடைசியில் பொதுமக்களுக்கும் அனுமதி. நவம்பர் என்றால் டமியா ஃபேர். சுருகா வார்டில் இருக்கும் தலைமை அலுவலகத்தில் காட்சிக்கூடமும் உண்டு, முன்கூட்டி விசாரித்துவிட்டுப் போவது நல்லது. மாலையில் பசித்தால் அவோபா பக்கம் வரிசையாகச் சின்னச் சின்ன ‘ஓடென்’ கடைகள். கறுப்புக் குழம்பில் வெந்த முட்டை, முள்ளங்கி, மீன் பிட்டு எல்லாம் குச்சியில் குத்தி, மேலே மீன் தூள் தூவித் தருவார்கள். சைவர்கள் தள்ளி நின்று வாசனையோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

2025 ஜூலையில் ஷுன்சாகு டமியா காலமானார். வயது 90. எத்தனையோ நாடுகளில் ஐம்பது வயதுக்காரர்கள், அன்று பரணிலிருந்து டப்பாவை இறக்கினார்கள்.

பந்தயத் தடங்களில் அடிக்கடி காணக் கிடைக்கும் காட்சி இது. மூன்றாவது வளைவில் ஒரு ஹார்னெட் மல்லாந்து கிடக்கிறது. பின் சக்கரங்கள் காற்றில் சுற்றுகின்றன. தடத்தில் நின்ற சிறுமி ஓடிப்போய் நிமிர்த்துகிறாள், மேடையைப் பார்த்துக் கையை விரிக்கிறாள். முன் கை முறிந்திருக்கிறது. அப்பா இறங்கி வருகிறார். கோபமில்லை. மேஜையில் காரைக் கவிழ்த்து வைத்து, உறையைக் கிழித்துப் புதிய பாகத்தை எடுக்கிறார். ஸ்க்ரூடிரைவரை மகளிடம் கொடுக்கிறார். அவள் வலப்பக்கம் திருகப் போகிறாள். அவர் அவள் மணிக்கட்டை மெல்லப் பிடித்து நிறுத்துகிறார். முதலில் இடப்பக்கம். கால் சுற்று, அரைச் சுற்று.

‘டிக்.’